எத்தியோப்பியாவுக்கு என்ன படிக்க வேண்டும்

எங்கள் குடும்பத்தில் யார் என்ன படிக்க வேண்டும் என்று முடிவு செய்தவர் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, ஜவுளிக்கடை நோட்டீஸ், கருமாதிக் கடிதம், இவைதான் அவருடைய தொழில். இருபது வருடம் பத்திரிகைகளுக்கு அச்சு எழுத்துக் கோத்துக் கோத்து, படிப்பைப் பற்றி அவருக்கு அசைக்க முடியாத ஒரு கருத்து உண்டாகிவிட்டது. மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் வரும் பட்டம், பெண் பெயருக்குப் பின்னால் வரும் பட்டத்தைவிட ஒரு படி உயரமாக இருக்க வேண்டும். பையன் பி.ஏ. என்றால் பெண் எஸ்.எஸ்.எல்.சி. பையன் எம்.ஏ. என்றால் பெண் பி.ஏ. வரை வரலாம். இரண்டும் சமமாக இருந்தால் பத்திரிகை பார்க்க லட்சணமாக இருக்காது என்பார். பெண்ணுக்கு அதிகமாகிவிட்டால், புரூஃப் பார்க்கும்போதே அவருக்கு முகம் கோணிப்போகும்.

இந்த மேதையின் ஒரே மகனுக்குத்தான் என்னைக் கட்டிக்கொடுப்பதாகப் பேச்சு. நான் பாவாடை கட்டிய நாளிலிருந்தே பேச்சு. அவர் என்னைவிட ஒரு வயது மூத்தவர். இருவருமே சிதம்பரத்தில் ஆங்கில இலக்கியம் பி.ஏ. படித்தோம். திருப்பாதிரிப்புலியூரில் காலை பாசஞ்சரில் ஏறுவோம், அவர் நண்பர்களோடு ஒரு பெட்டியில், நான் பெண்கள் பெட்டியில். அவர் தமிழ்த் தாளில் ஒரு தடவை விழுந்து எழுந்தார், அதனால் இருவரும் ஒரே வருடம் பட்டம் வாங்கினோம். தமிழில் தோற்றதை அவர் ஒரு பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆங்கிலத்தில் அவ்வளவு ஆழமாக இறங்கிவிட்டாராம்.

அந்த வருடங்களில் எத்தியோப்பியாவுக்கு ஆசிரியர்கள் வேண்டும் என்று ஆங்கில நாளிதழில் விளம்பரம் வரும். என் வகுப்புத் தோழி ஒருத்தியின் அக்கா அப்படிப் போயிருந்தாள். அங்கிருந்து ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். புடவைமேல் முழங்கால்வரை கம்பளிக் கோட்டு, காலில் சாக்ஸும் ஷூவும், பின்னால் ஒரு பள்ளிக்கூடம், பக்கத்தில் நாற்பது பிள்ளைகள். அவள் கடலூரில் இருந்தவரை நிமிர்ந்து யாரையும் பார்த்ததில்லை. போட்டோவில் கேமராவை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கும் அப்படிப் போய் நிற்க வேண்டும் என்று இருந்தது. கல்வித் தொண்டு, உலக அனுபவம் என்றெல்லாம் இப்போது காரணம் ஜோடிக்கப் போவதில்லை. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவள் நின்றது போல நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

நாங்கள் பட்டம் வாங்கிய வருடமும் விளம்பரம் வந்தது. அப்பா கலெக்டர் ஆபீஸில் ஹெட்கிளார்க், மஞ்சக்குப்பத்தில் வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தபோது அப்பா விளம்பரத்தை அவரிடம் காட்டினார். அதில் தெளிவாகவே போட்டிருந்தது: ஆங்கிலம் கற்பிக்க ஒரு பட்டம் வேண்டும், அதோடு ஆசிரியப் பயிற்சியும், அதாவது பி.டி.யும், வேண்டும். இதைவிடத் தெளிவாக எழுத முடியாது. மாமா பேப்பரைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். அச்சுக்காரர்கள் படிக்க மாட்டார்கள், பார்ப்பார்கள்.

"இது தப்பு மச்சான்," என்றார்.

"எது தப்பு?" என்றார் அப்பா.

"எம்.ஏ.ன்னு ஒரு வரி மேல இருந்துருக்கும். கோக்கறவன் வுட்டுட்டான். நான் பாக்காத வேலையா? ராத்திரி ஷிப்டுல தூக்கக் கலக்கத்துல கோப்பானுங்க, ஒரு வரி வுழுந்துடும். நம்ம ஊரு பள்ளிக்கூடத்துக்கே பி.டி. கேக்கறான். வெளிநாட்டுக்காரன் கப்பல் டிக்கெட்டு குடுத்து இட்டுக்கினு போறான், அவனுக்கும் அதே பி.டி. போதுமா? யோசிக்க வாணாமா?"

அப்பா யோசித்தார். முப்பது வருடம் அரசாங்க உத்தரவுகளைப் படித்தவர், எழுதியிருப்பதற்கும் நடப்பதற்கும் சம்பந்தம் இல்லை என்பது அவருக்குப் பழகிப்போன விஷயம். "மேல்படிப்பு இருந்தா முன்னுரிமைன்னு போடலன்னாலும் அதான் நடைமுறை," என்று தலையாட்டினார். ஒரு நாட்டின் அரசாங்கம் தனக்கு என்ன தேவை என்று அச்சடித்துச் சொல்லியிருக்கிறது. மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்துகொண்டு, இல்லை, உனக்குத் தேவை அது இல்லை என்று இரண்டு பேர் தீர்ப்புச் சொல்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நானும் அவர்கள் கட்சிதான். எம்.ஏ. என்றால் இலக்கியம், பி.டி. என்றால் வாத்தியார் வேலை. பிரம்பும் சாக்பீஸும். வெளிநாட்டுக்குப் போக எம்.ஏ.தான் ஏற்றது என்று எனக்கும் துளிச் சந்தேகம் இல்லை. ஆகவே, "நானும் எம்.ஏ. படிக்கறேன்," என்றேன்.

மாமா என்னைப் பார்க்கவில்லை. அப்பாவிடம்தான் பேசினார். "படிக்கட்டும் மச்சான், யாரு வாணாம்னா? அப்புறம் என் புள்ள இன்னா படிக்கறது? எம்.ஏ.வுக்கு மேல கோக்க என்கிட்ட எழுத்து இல்ல." பிறகு அவரே பெரிய மனதோடு ஒரு வழியும் சொன்னார். "வீட்ல சும்மா குந்தியிருக்க வாணாம். பி.டி. படிக்கட்டும். அது ஒரு வருசந்தான். அது டிகிரியே இல்ல, ட்ரெயினிங்கு. தையல் கிளாஸ் மாரி. பத்திரிகையில போட்டாலும் போடலாம், போடாட்டியும் யாரும் கேக்க மாட்டாங்க."

நான் இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதேன். அம்மா, "ஏதோ ஒண்ணு படிக்க வுட்டாங்களேன்னு இருப்பியா," என்று திட்டினாள். ஆக, மாமா மகன் எம்.ஏ.வில் சேர்ந்தார், நான் பி.டி.யில் சேர்ந்தேன். இரண்டும் சிதம்பரத்தில்தான். மறுபடியும் அதே பாசஞ்சர் ரயில்.

பி.டி.யில் எங்களைப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பிப் பாடம் நடத்தச் சொல்வார்கள். அதற்குப் பாடக்குறிப்பு எழுத வேண்டும், காட்டுவதற்குப் பொருள்கள் கொண்டுபோக வேண்டும். என் பையில் ஒரு நாள் குடை இருக்கும், ஒரு நாள் கத்தரிக்காயும் தராசுத் தட்டும் இருக்கும், ஒரு நாள் அப்பாவின் பழைய செருப்பு இருக்கும். பிளாட்பாரத்தில் அந்தப் பையைப் பார்த்தாலே மாமா மகனுக்கும் அவருடைய எம்.ஏ. கூட்டத்துக்கும் சிரிப்புத் தாங்காது.

"இன்னிக்கி இன்னா பாடம்? செருப்பு மேசை மேலயா, மேசை செருப்பு மேலயா?" என்பார் அவர். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். பையை ஒரு நாளாவது தூக்கிக்கொடுத்திருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர் கையில் ஒரே ஒரு தடித்த புத்தகம் இருக்கும், அட்டை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி. வருடம் முழுக்க அதே புத்தகம்தான் என்பது என் சந்தேகம்.

முதல் தடவை நான் நடத்திய பாடத்தை நினைத்தால் கூசுகிறது. ஆறாம் வகுப்புப் பெண்கள், அந்த வருடம்தான் ஏபிசிடி முடித்தவர்கள். நான் நாற்பது நிமிடம் ஆங்கிலத்தில் பொழிந்து தள்ளினேன். என் உச்சரிப்பை நானே ரசித்தேன். மணி அடித்ததும், பின்வரிசையில் மேற்பார்வைக்கு உட்கார்ந்திருந்த அம்மையார் என் குறிப்பேட்டில் ஒரே ஒரு வரி எழுதினார்: வகுப்பில் நீங்கள் மட்டும்தான் பேசினீர்கள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அவ்வளவு மண்டைக்கனம். ரயிலில் பாதி வழி வந்த பிறகுதான் அந்த அம்மாள் என்ன சொல்கிறார் என்று உறைத்தது. பெட்டியில் யாரும் பார்க்காதபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்கப்புறம் வாயை மூடக் கற்றுக்கொண்டேன். இதைக் கற்கத்தான் அந்த ஒரு வருடம். ஒரு வாக்கியத்தைச் சொல்லி, அதைச் செய்துகாட்டி, பிள்ளைகளைச் செய்யவைத்து, செய்துகொண்டே சொல்லவைத்து, பிறகு நான் ஒதுங்கி நிற்க வேண்டும். தமிழில் ஒரு வார்த்தைகூட விளக்கக் கூடாது. நான் வாயைத் திறக்காமலே ஒரு பெண் தானாக எழுந்து, கதவைத் திறந்துகொண்டே, கதவைத் திறக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்ன நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவள் வாங்கிய பெரிய மூச்சுகூட ஞாபகம் இருக்கிறது. பி.ஏ. மூன்று வருடத்தில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் கிடைத்ததில்லை. ஆனாலும் அந்தப் படிப்பு உயர்ந்தது என்று நான் அப்போதும் நினைக்கவில்லை. தையல் கிளாஸ் என்று மாமா சொன்னது அந்த அளவுக்கு எனக்குள் ஊறியிருந்தது.

பி.டி. முடித்து ஒரு வருடம் கடலூரிலேயே ஒரு பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தேன். மாமா மகனும் எம்.ஏ. முடித்தார். மறுபடி விளம்பரம் வந்தது. அதே பட்டம், அதே பயிற்சி, எம்.ஏ. என்ற வரி இந்தத் தடவையும் இல்லை. "இன்னும் திருத்தல பாரு, சோம்பேறிப் பசங்க," என்றார் மாமா. மகனை மனுப் போடச் சொன்னார். வேலை உத்தரவு வந்ததும் கல்யாணம், பிறகு இருவரும் புறப்பட வேண்டியது என்பது அவருடைய திட்டம். நானும் போடட்டுமா என்று கேட்டேன். "போடட்டும், போடட்டும். ஜோடியா கேட்டா ஒருத்தனுக்காவது குடுப்பான்," என்றார். அந்த ஒருத்தன் யார் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

சென்னையில் நேர்முகத் தேர்வு. பயிற்சி இல்லாவிட்டாலும் எம்.ஏ.வைப் பார்த்து அவரையும் கூப்பிட்டிருந்தார்கள். அப்பாதான் எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். முதலில் மாமா மகனைக் கூப்பிட்டார்கள். கால் மணியில் சிவந்த முகத்தோடு வெளியே வந்தார். அடுத்து நான். உள்ளே மூன்று பேர், இரண்டு எத்தியோப்பியர்கள், ஒரு நம்மூர் அதிகாரி. என் பட்டத்தைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. கதவருகே நின்ற வயதான பியூனைக் காட்டி, இவருக்கு ஆங்கிலம் தெரியாது, பத்து நிமிடத்தில் ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுங்கள், உங்கள் மொழியைப் பேசக் கூடாது என்றார்கள்.

மேசைமேல் இருந்த பேனாவை எடுத்தேன், திரும்ப வைத்தேன், வைத்துக்கொண்டே, பேனாவை மேசைமேல் வைக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மூன்று தடவை செய்தேன். பிறகு பேனாவைப் பியூன் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா நின்றேன். அவர் அதிகாரிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பேனாவை வைத்தார், வார்த்தைகளும் மெல்ல வந்தன. அப்புறம் யாரும் கேட்காமலே தண்ணீர் டம்ளரை எடுத்து, டம்ளரை மேசைமேல் வைக்கிறேன் என்றார். டம்ளர் என்ற சொல்லை அவரே போட்டுக்கொண்டார். எத்தியோப்பியர் ஒருவர் கைதட்டிவிட்டார். பியூன் வெட்கப்பட்டுக்கொண்டு கதவுக்கே போய்விட்டார்.

திரும்பி வரும் ரயிலில் மாமா மகன் பொரிந்து தள்ளினார். "இன்டர்வியூவா மாமா அது? கவிதையப் பத்தி ஒரு கேள்வி இல்ல. பியூனுக்குப் பாடம் எடுக்கச் சொல்றான். நான் ஒரு நல்ல வரியா எடுத்து, அதுல இருக்கற அழகச் சொன்னேன். அந்த ஆளு ஆடு மாரி முழிக்கறான். அவனுக்கு இன்னா தெரியும்?" அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் எப்படிச் செய்தேன் என்று அவர்கள் இருவரும் கேட்கவில்லை.

ஆறு வாரத்தில் உத்தரவு வந்தது, எனக்கு. அவருக்கு வருத்தம் தெரிவித்து ஒரு சின்னக் கடிதம்.

அன்று சாயங்காலமே மாமா வந்தார். முகத்தில் கோபம் இல்லை, அதுதான் மோசம். ரொம்ப நிதானமாகப் பேசினார். ஒரு பெண் தனியாகக் கப்பல் ஏறுவதா? கட்டிக்கொண்டு போகட்டும் என்றால், அவருடைய எம்.ஏ. படித்த மகன் அங்கே சோறு பொங்கி வைத்துக்கொண்டு பெண்டாட்டி வேலையிலிருந்து வரும்வரை காத்திருப்பதா? "ஒரு வருசம் பொறுக்கட்டும் மச்சான். அவனும் அந்த தையல் கிளாஸையே படிச்சுட்டு வரட்டும். அடுத்த வருசம் அவனுக்கும் குடுப்பான். இப்ப வாணாம்னு ஒரு லெட்டர் போட்டுடுங்க." அப்பா என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்பார் என்று உள்ளறையில் நின்றுகொண்டிருந்தேன். கேட்கவில்லை. ஹெட்கிளார்க் அல்லவா, பேனாவை எடுத்தார். குடும்பச் சூழ்நிலை காரணமாக இந்த நியமனத்தை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறேன் என்று அழகான ஆங்கிலத்தில் எழுதி, என் முன்னால் வைத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். அப்பா, மாமா, மாமா மகன், மூன்று பேரையும் அப்போது எவ்வளவு வெறுத்தேன் என்று சொல்லி முடியாது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அச்சகத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் மாமாவிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். "மருமவப் பொண்ணு பாஸாமே, புள்ளைக்குக் கெடைக்கலியாமே?" ஒரு மாதம் தாங்கினார். அதற்கப்புறம் பெண்ணுக்குத் தலைக்கனம் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டு, மகனுக்குக் குறிஞ்சிப்பாடியில் ஒரு எஸ்.எஸ்.எல்.சி. பெண்ணை நிச்சயம் செய்தார். பாவம், அவள் எனக்குச் செய்த நன்மையை அவள் அறிய மாட்டாள். வீட்டில் அம்மா அழுதாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்பா மட்டும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

இதுவரை நான் சொன்ன கதை கடலூரில் எங்களைத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். நானே நாற்பது வருடமாகச் சொல்லிவருகிறேன். பள்ளிக்கூட ஆசிரியைகள் அறையில் சொல்லியிருக்கிறேன், கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன். மாமா மாதிரியே பேசிக் காட்டுவேன், எல்லாரும் சிரிப்பார்கள், கடைசியில், "உனக்குப் போயி இப்புடிப் பண்ணிட்டாங்களே," என்பார்கள். இதற்கு மேல் உள்ளதை யாருக்கும் சொன்னதில்லை.

நிச்சயதார்த்தம் நடந்து இரண்டு மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை பகல் தபால்காரர் ஒரு நீளக் கவரைக் கொடுத்தார். அப்பா ஆபீஸில், அம்மா அடுப்படியில். எத்தியோப்பியாக்காரர்களிடமிருந்து என் பெயருக்கு வந்திருந்தது, உடைத்துப் படித்தேன். தங்கள் தந்தையாரின் கடிதம் கிடைத்தது என்று ஆரம்பித்தது. அப்பா எங்கள் யாரிடமும் சொல்லாமல் அவர்களுக்கு எழுதியிருக்கிறார். மகளின் மறுப்பைத் தான்தான் எழுதியதாகவும், அது தன் தவறு என்றும், இடம் இருந்தால் அவளையே மறுபடி அழைக்கும்படியும் எழுதியிருக்கிறார். இடம் இருக்கிறது, ஒரு மாதத்துக்குள் நீங்களே சம்மதம் எழுதினால் அடுத்த பருவத்தில் வந்து சேரலாம் என்று அவர்கள் பதில் போட்டிருந்தார்கள்.

தடுக்க யாரும் இல்லை. மாமா விலகிவிட்டார். அப்பாவே வழியைத் திறந்து வைத்திருக்கிறார். ஒரு வரி எழுதித் தபால் பெட்டியில் போட வேண்டியதுதான் பாக்கி.

நான் சிதம்பரத்துக்குக் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பி வந்தவள். இருபத்துமூன்று வயதுவரை அம்மா இல்லாத ஒரு வீட்டில் ஒரு ராத்திரிகூடப் படுத்ததில்லை. அந்தப் போட்டோவில் இருந்தவளின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். அது வரைக்கும் ஆயிரம் தடவை வைத்துப் பார்த்ததுதான். போக முடியாது என்று தெரிந்திருந்தபோது அது சுலபமாக இருந்தது. இப்போது முடியவில்லை. கடிதத்தை மடித்து, அலமாரியில் புடவைகளுக்கு அடியில் விரித்திருந்த காகிதத்துக்குக் கீழே வைத்தேன்.

சாயங்காலம் அப்பா வந்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல், ஏதோ சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, "எதுனா தபால் வந்துதாம்மா?" என்றார்.

"ஒண்ணும் வர்லப்பா," என்றேன்.

அவர் ஒரு மாதத்துக்கு மேல் தினமும் கேட்டார். ஒவ்வொரு நாளும் வரவில்லை என்றேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். நான் கடலூரிலேயே முப்பத்துமூன்று வருடம் ஆங்கிலம் நடத்தினேன், நன்றாகத்தான் நடத்தினேன். சாவதற்கு ஒரு வாரம் முன்னால் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கி நான் அந்த மறுப்பு லெட்டர எழுதியிருக்கக் கூடாதும்மா," என்று அழுதார். நான் அப்போதும் அவரிடம் சொல்லவில்லை.